சும்மா என்று எழுதிய கட்டம்

“மூணாவது தடவை, அம்மிணி!”

மாரப்பன் பேட்டரிக் கணக்குத் தாளைப் பட்டறை மேஜைமேல் ஓங்கி அறைந்தான். அறைந்த வேகத்தில் டப்பாவிலிருந்த திருகாணிகள் துள்ளிக் கீழே சிதறின.

அவனுக்கு ஐம்பத்தொரு வயசு. முப்பது வருஷமாகப் பல்லடம் பக்கம் வீடுகளுக்கு வயர் இழுத்தவன். தீ எச்சரிக்கை மணி வேலையைப் படிக்க, தன்னைவிடப் பதினாறு வயசு இளையவளான கோகிலவாணியிடம் வந்து சேர்ந்து ஆறு மாசம் ஆகிறது. அந்த வட்டாரத்தில் அந்த மணிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான்.

“மூணு தடவையும் சிவப்பு மையில ஒரு வட்டம். அவ்வளவுதான். என்ன தப்புன்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துருமா?”

கோகிலவாணி குனிந்து திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

“எந்தக் கட்டிடங்ணா?”

“தெரியாத மாதிரி கேக்காத. நூல்மில் ஹாஸ்டல். எண்பத்தாறு பொண்ணுங்க. திங்கக்கிழமை குடி வர்றாங்க. உன் கையெழுத்து இல்லாம கதவு திறக்காது. மேனேஜர் நேத்திருந்து போன்ல என்னை வறுத்தெடுக்கறான்.”

“நைட் ஷிப்ட் முடிச்சுட்டுப் பகல்ல தூங்கற பொண்ணுங்க.”

“அதுக்குத்தான் பத்து சைரன் வெச்சிருக்கேன். செத்தவனும் எந்திரிச்சு ஓடுவான்.”

“கரண்ட் போச்சுன்னா?”

“பேட்டரி.”

“மில்லுல ஜெனரேட்டர் இருக்குதே?”

மாரப்பனுக்கு முகம் சிவந்தது. “அது மெஷினுக்காம். ஹாஸ்டலுக்கு ஒரு வயர் இழுத்துக்கறேன்னு கெஞ்சினேன். விடமாட்டேன்னுட்டான், கெரகம் புடிச்சவன். நூலு அறுந்தாப் போச்சு, ஆளு கருகினாப் பரவால்லியாம்.”

“அப்ப பேட்டரிதான். அது எவ்வளவு நேரம் தாங்கணும்?”

“எங்கிட்டயே கேள்வியா? கரண்ட் போய் ஒரு முழு நாள் காத்திருக்கணும். அதுக்கப்புறம் தீப்புடிச்சாலும் அரை மணி நேரம் அலறணும்.”

“அலறுறதுக்கு எவ்வளவு?”

“ஒண்ணு புள்ளி எட்டு ஆம்பியர். அரை மணிக்குப் போட்டா புள்ளி ஒம்போது ஆம்பியர்-அவர். நான் வெச்ச பேட்டரி ஏழு. புள்ளி ஒம்போதுக்கு ஏழு! எறும்புக்கு அண்டா நெறயச் சோறாக்கி வெச்சிருக்கேன். இதுக்கு மேல என்ன பண்ணோணும்?”

“அலறாத நேரம்?”

“அலறாத நேரம் சும்மாதானே இருக்குது!”

கோகிலவாணி தாளை அவன் பக்கம் திருப்பினாள்.

காத்திருக்கும் நேரத்துக்கு என்று ஒரு கட்டம். எண் எழுத வேண்டிய இடம். அங்கே அவன் கையெழுத்தில் ஒரு சொல் இருந்தது. சும்மா.

அதைச் சுற்றித்தான் வட்டம். மூன்று தாளிலும்.

“ஆமா, சும்மாதான். சுவத்துல ஒரு பெட்டி. அதுல குண்டுமணி அளவுக்கு ஒரு லைட். கூரையில பொகைய மோப்பம் புடிக்கற நாப்பது டப்பா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டுக் கெடக்குது. அது என்னத்தத் தின்னுரும்?”

கோகிலவாணி எழுந்து சோதனைப் பலகைக்குப் போனாள். ஹாஸ்டலில் மாட்டியிருக்கும் அதே பெட்டி, அதே நாற்பது டப்பா, அதே பத்து சைரன். மாரப்பன் கொண்டுவந்த, அதே அளவுள்ள புதுப் பேட்டரியைச் சார்ஜ் நிறைய ஏற்றி அதில் ஏற்கெனவே மாட்டி வைத்திருந்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. பேட்டரியில் ஓடுகிறது என்று மஞ்சள் விளக்கு எரிந்தது. கடிகாரத்தில் காலை பத்து.

“நாளைக்கு இதே பத்து மணிக்கு இது அரை மணி நேரம் அலறட்டும். கையெழுத்துப் போடறேன்.”

“அலறும். அலறி முடிச்சதும் நான் உன்னைத் திட்டற திட்டு இந்தத் தெருவுக்கே கேக்கும். எழுதி வெச்சுக்க.”

“தாராளமாத் திட்டுங்க. ஆனா அதுவரைக்கும் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அத்தனையும் எனக்கே வேணும்.”

“அதுவரைக்கும் நான் என்ன பண்றது?”

“சும்மா இருங்க.”

*

சும்மாதான் இருந்தான்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்தவன் பிசைந்துகொண்டே இருந்தான். ‘நேத்துப் பொறந்தவ எனக்குப் பாடம் எடுக்கறா’ என்று உள்ளே ஒன்று ஓடியது. ரசம் ஆறிப்போனது.

“என்னாச்சுங்க?” என்றாள் பொண்டாட்டி. இடது கையால் வாயைப் பொத்திக் காட்டினான்.

மேனேஜர் நாலு தடவை கூப்பிட்டான். போன் மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்தான்.

படுத்தான். நாளைக்கு என்ன சொல்லித் திட்டுவது என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். உள்ளுக்குள்தான். பிறகு அதைவிட உறைப்பாக இன்னொன்று. அதற்கும் மேலே ஒன்று. வாயைத் திறக்கவே இல்லை. கண்ணையும் மூடவில்லை.

*

பத்தடிக்க இரண்டு நிமிஷம் இருந்தபோது பட்டறைக்குள் நுழைந்தான். கண்கள் கோவைப்பழமாக இருந்தன.

தீயைப் பார்த்தவர்கள் மணியடிக்க அழுத்துகிற சிவப்புப் பெட்டியைக் கோகிலவாணி காட்டினாள்.

மாரப்பன் கட்டைவிரலால் அதன் கண்ணாடியைக் குத்தி அழுத்தினான்.

ஒன்றும் இல்லை.

மறுபடி அழுத்தினான். நகம் வெளுக்கிற மாதிரி அழுத்தினான். பத்து சைரன்களும் சுவரில் வாயைப் பிளந்தபடி இருந்தன. ஒன்றிலிருந்தும் முனகல்கூட வரவில்லை. அப்போதுதான் மஞ்சள் விளக்கைப் பார்த்தான். அது எப்போதோ அணைந்துபோயிருந்தது.

யாரும் எதையும் அலறவிடவில்லை. யாரும் தொடவே இல்லை. காத்திருந்தே பேட்டரி தீர்ந்திருந்தது.

அவன் கண்முன் ஹாஸ்டலின் மூன்றாவது மாடி வந்தது. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பகலை இருட்டாக்கி, வரிசையாகப் படுத்திருக்கிற பெண்கள்.

“மணி பத்தாச்சு,” என்றாள் கோகிலவாணி. “திட்டுங்ணா.”

மாரப்பன் நிமிர்ந்தான். மார்பு ஏறியது. கழுத்து நரம்பு புடைத்தது. நேற்றெல்லாம் கூர் தீட்டி வைத்த வார்த்தைகளில் முதலாவதைப் பிடித்து வாயைத் திறந்தான்.

காற்று மட்டும் வந்தது.

இன்னொரு தடவை முயன்றான். கிழிந்த துருத்தி மாதிரி ஒரு சத்தம். அதுவும் பாதியில் நின்றது.

கோகிலவாணி ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“ஏனுங்ணா, சும்மாதானே இருந்தீங்க?”

மாரப்பன் அவளை முறைத்தான். சுவரை முறைத்தான். சட்டென்று மேஜைமேலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, தாளில் அந்த ஒற்றைச் சொல்லை அடித்தான். அடித்த அடியில் கட்டமே கிழிந்து ஓட்டையானது.

பேனாவைக் கீழே வைக்காமல், வேறு தாளுக்குக் கை நீட்டினான்.