முந்நூற்று எழுபது பாய்ச்சல்

போர்ச்சுகலும் ஸ்பெயினும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு காடு. காட்டு நடுவே ஒரு குளம். அதில் மென்சியா என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். எதையும் சட்டென்று நம்பும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. மீன் தானாக வாயருகே வந்தால்கூட, "இது ஏன் வருது?" என்று ஒரு தடவை யோசிப்பாள்.

காட்டின் மேற்கே மார்த்திம் என்ற ஓநாய் ராஜா. கிழக்கே கொன்சாலோ என்ற ஓநாய் ராஜா. இவர் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருந்தார்கள். அதனால் கண்ட இடத்திலெல்லாம் "சம்பந்தி, சம்பந்தி" என்று குழைவார்கள். ஆனால் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி மட்டும் உட்கார மாட்டார்கள்!

அந்த நாடுகளின் மனித ராஜாக்கள் கடலில் ஒரு கோடு கிழித்து உலகத்தையே பங்கு போட்டுக்கொண்டார்களாம். சேதி காட்டுக்கு வந்ததும் ஓநாய்களுக்கும் ஆசை வந்துவிட்டது.

"நாமும் கோடு போடுவோம் சம்பந்தி!" என்றார் கொன்சாலோ. "இந்தக் கருவாலி மரத்திலிருந்து மேற்கே முந்நூற்று எழுபது பாய்ச்சல். அதுதான் எல்லை. கிழக்கே எனக்கு, மேற்கே உங்களுக்கு!"

"அவங்கவங்க பங்குல இருக்கிற உயிரெல்லாம் அவங்கவங்க இரை. சம்மதம்!" என்றார் மார்த்திம்.

கோரைப்புல்லுக்குள் ஒளிந்திருந்த மென்சியாவுக்கு உறுத்தியது. பாய்ச்சல் சரி, யாருடைய பாய்ச்சல்? மார்த்திமுக்குக் குட்டைக் கால். கொன்சாலோவுக்கு நெட்டைக் கால். இரண்டு பேருமே அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறந்துவிட்டார்களா? ஓநாயாவது, மறப்பதாவது!

மறுநாள் காலை மார்த்திம் வந்தார்.

"என் காலால அளந்தாச்சு. கோடு குளத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு. குளம் என்னுது, குட்டிகளும் என்னுது. நாளைக்கு விருந்துக்கு அனுப்பு!"

அவர் கால் தடம் காய்வதற்குள் கொன்சாலோ வந்து நின்றார்.

"என் காலால அளந்தாச்சு. கோடு குளத்தைத் தாண்டிப் போச்சு. குட்டிகள் என்னுது!"

மென்சியா குட்டிகளைத் தன் பின்னால் தள்ளிக்கொண்டாள். பிறகு பணிவாகச் சொன்னாள்: "இப்பத்தான் உங்க சம்பந்தி வந்து, இதெல்லாம் தன்னுதுன்னு சொல்லிட்டுப் போனாரு ராஜா!"

"என்னது! குட்டைக்காலன் அவன் காலால அளந்தானா?"

கொஞ்ச நேரத்தில் கருவாலி மரத்தடியில் ரோமம் பறந்தது.

"அம்மா, அடிச்சுக்கறாங்க! நாம தப்பிச்சோம்!" என்று குட்டிகள் குதித்தன.

"கிளம்புங்க. சம்பந்திங்க சண்டை எவ்வளவு நேரம்? ராசியாயிட்டாங்கன்னா நேரா இங்கதான் வருவாங்க."

பிறந்து வளர்ந்த குளத்தை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. அழுதுகொண்டேதான் ஓடையில் நீந்தினாள். மலை மேலே, ஓநாயின் தலைகூட நுழையாத ஒரு பாறை இடுக்கில் குட்டிகளைச் சேர்த்தாள்.

அவள் சந்தேகப்பட்டபடியே ஆயிற்று. நொண்டியபடி இரண்டு ராஜாக்களும் கட்டித் தழுவிக்கொண்டார்கள்.

"நமக்குள்ள எதுக்குச் சண்டை சம்பந்தி? ஆளுக்கொரு குட்டி!"

தோளோடு தோள் சேர்ந்து குளத்துக்கு வந்தார்கள். கரையில் மீன் முள்தான் கிடந்தது, குட்டிகளைக் காணோம். கொன்சாலோ மெல்லத் திரும்பினார்.

"சம்பந்தி, கொஞ்சம் வாயைத் திறங்க."

"முதல்ல நீங்க திறங்க!"

மறுபடி ரோமம் பறந்தது.

நம்மைக் கேட்காமலே நம்மைப் பங்கு போடுகிறவர்களின் சண்டையை நம்பி நிம்மதியாக இருக்கவும் கூடாது, சமாதானத்தை நம்பி ஏமாறவும் கூடாது.