வெறுங்குப்பி

பனியில் சாம்பல் விழுந்துவிட்டது. குழி தோண்டி எடுத்த மாதிரிகள் அத்தனையும் வீண்.

நடந்தது இமயத்தில். புல்கூட முளைக்காத உயரத்தில் ஒரு பனியாறு, அதன் ஓரத்தில் நாலு கூடாரம். தலைமை டாக்டர் நாச்சியார். பாளையங்கோட்டை. நாற்பதைத் தாண்டியவர், தேவைக்கு மேல் வாய் திறக்காதவர். அவரிடம் ஆராய்ச்சி மாணவராக வந்தவர் ஆவுடையப்பன், அம்பாசமுத்திரம். வயது ஐம்பத்தொன்று.

ஆமாம், மாணவர்தான் மூத்தவர். வானிலை நிலையத்தில் மழையை அளந்து அளந்து சலித்துப்போய், பனியையும் ஒரு கை பார்க்கலாம் என்று கிளம்பி வந்த மனிதர். நாச்சியார் அவரை அண்ணாச்சி என்பார். அவர் நாச்சியாரை டாக்டரம்மா என்பார். மூன்றாவது ஆள் நோர்பு. அந்த மலைக்காரர். வழி காட்டுவார், சமைப்பார், கயிறு பிடிப்பார். மிச்ச நேரத்தில் இந்தியில் எல்லாரையும் கேலி செய்வார். தமிழில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அண்ணாச்சி. அதை நன்றாகவே சொல்வார்.

வேலை என்னவென்றால், பனியில் ஆளுயரத்துக்குக் குழி தோண்ட வேண்டும். குழியின் சுவரில் பனி விழுந்த வரிசை அப்படியே இருக்கும். மேலே போன மாதத்துப் பனி. அடியில் போன ஐப்பசிப் பனி. அடுக்கு அடுக்காகக் குப்பியில் வழித்து, உருக்கி, வடிதாளில் வடித்து, என்ன தங்குகிறது என்று நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். எந்தச் சீமையின் தூசியைக் காற்று எப்போது கொண்டுவந்து கொட்டியது என்பது அதில் தெரியும்.

அதனால் அங்கே சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். சோப்பு கிடையாது. பவுடர் கிடையாது. அடுப்புக் கூடாரம் காற்று போகிற பக்கம்தான் இருக்கும். குழியில் இறங்கினால் வெள்ளை அங்கி, கையுறை, முகமூடி. ஆவுடையப்பன் பிறந்ததிலிருந்து விடாத தேங்காயெண்ணெயை விட்டார். தலை நார் மாதிரி ஆகிவிட்டது. பானை தேய்க்க ஆகும் என்றார் நோர்பு.

முதல் நாள் அவர் குருவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

"எவ்வளவு சுத்தமா இருந்தா போதும் டாக்டரம்மா?"

நாச்சியார் பெட்டியைத் திறந்தார். ஒரு குப்பியை எடுத்தார். ஊரிலேயே பல தடவை காய்ச்சி வடித்து அடைத்த நீர் அதில் இருந்தது.

"குழியில இறங்கும்போது இதைத் திறந்து ஓரத்துல வைங்க. ஏறும்போது மூடிருங்க."

"இதுல என்ன எடுக்கணும்?"

"ஒண்ணும் எடுக்க வேண்டாம்."

"பிறகு எதுக்கு?"

"திறந்து வைங்க அண்ணாச்சி."

வைத்தார். ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. முகாமில் அதற்கு வெறுங்குப்பி என்று பெயர். ஆடு வந்து குடித்துவிடாமல் காவல் இருக்கிறீர்களா என்று நோர்பு தினமும் விசாரித்தார். அந்த உயரத்துக்கு ஆடு வராது.

குழி ஆழமானது. மாதிரி எடுத்து முடித்த சாயங்காலம் ஆவுடையப்பன் வடித்துப் பார்த்தார். மேலடுக்கில் ஒன்றும் விசேஷமில்லை. கீழே போகப் போகத் தாளில் சாம்பல் நிறம் ஏறியது. நுண்ணோக்கியில் வைத்தால் கண்ணாடிப் பொடி மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகள். இரண்டு பக்கமும் பெருத்து நடுவில் சிறுத்து, உடுக்கை மாதிரி.

அது என்னவென்று அவருக்குத் தெரியும். நெல் பயிர் மண்ணிலிருந்து உறிஞ்சித் தன் இலைக்குள் கட்டி வைக்கிற மணல் அது. வைக்கோல் எரிந்தாலும் அது எரியாது. ஐப்பசியில் சமவெளியில் அறுத்த வயலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். ஐப்பசிப் பனியில் நெல் வைக்கோல் சாம்பல். இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவருடைய படிப்புக்குப் பல்கலைக்கழகம் கொடுத்திருந்த கடைசித் தவணை அந்த வருஷத்தோடு முடிகிறது. கையில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லாமல்தான் மலை ஏறியிருந்தார். இப்போது இருக்கிறது. உடனே செயற்கைக்கோள் போனில் மனைவி கோமதிக்குச் சொன்னார். கோமதி தெருவுக்குச் சொன்னாள். நம்ம வீட்டு ஆளு டாக்டர் ஆகப்போகுது என்று எதிர்வீட்டுக்கு இனிப்பே போய்விட்டது.

மறுநாள் காலை நாச்சியார் நுண்ணோக்கியில் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். ஆவுடையப்பன் பின்னால் நின்று வயல் நெருப்பு, காற்றின் திசை, ஐப்பசி மாதம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நாச்சியார் எல்லாவற்றையும் கேட்டார்.

"பெருசா இருக்கே அண்ணாச்சி. இவ்வளவு தூரம் காத்துல வருமா?"

பலத்த காற்றாக இருந்திருக்கும் என்றார் இவர்.

நாச்சியார் நிமிர்ந்தார்.

"வெறுங்குப்பியை வடிச்சீங்களா?"

வடிக்கவில்லை. வெறும் தண்ணீரை வடித்து என்ன பார்ப்பது என்று விட்டிருந்தார். அதைச் சொன்னார். நாச்சியார் வெளியே போனார், மேகம் பார்க்க.

ஆவுடையப்பன் வெறுங்குப்பியை எடுத்தார். வடித்தார். தாளில் சாம்பல். நுண்ணோக்கியில் வைத்தார். உடுக்கை.

தாளைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்தார். அந்தத் தண்ணீர் ஐப்பசியைப் பார்த்ததில்லை. குழி ஓரத்தில் அவர் பக்கத்தில் திறந்து இருந்தது, அவ்வளவுதான். அதில் விழுந்தது எதுவானாலும் குழியில் நின்ற ஆளிடமிருந்துதான் விழுந்திருக்க வேண்டும்.

கை தானாக நெற்றிக்குப் போனது.

தினமும் விடிந்ததும், கூடாரத்தைத் திறப்பதற்கு முன்னால், படுக்கைப் பைக்குள் உட்கார்ந்தபடியே பொட்டலத்தைப் பிரித்து மூன்று பட்டை திருநீறு இட்டுக்கொள்வார். பிறகு கம்பளிக் குல்லாயைப் புருவம் வரை இழுத்துவிடுவார். யாரும் பார்த்ததில்லை. மச்சினன் வீட்டுத் தொழுவத்துச் சாணத்தைச் சுட்டு எடுத்த திருநீறு. அந்த மாடு தின்றது வைக்கோல். குழியில் தோண்டத் தோண்ட வேர்க்கும். குல்லாயை மேலே தள்ளிக் கையுறையால் நெற்றியைத் துடைப்பார். ஆழம் கூடக் கூட வேர்வை கூடியது. வேர்வை கூடக் கூடச் சாம்பலும் கூடியது.

எண்ணெயை விட்டார், சோப்பை விட்டார். அழுக்கு என்று தெரிந்த எல்லாவற்றையும் விட்டார். திருநீறு அந்தக் கணக்கில் அவருக்கு வரவேயில்லை.

பெட்டியில் திறக்காத குப்பிகள் இன்னும் இருந்தன. ஒன்றை எடுத்து வடித்தால் தாள் வெள்ளையாக இருக்கும். யாருக்கும் தெரியாது. அந்த நினைப்பும் வந்தது. வந்த நினைப்பு கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தது.

பிறகு அவர் தாளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நாச்சியார் முன்னால் நின்று குல்லாயைக் கழற்றினார்.

நோர்பு அடுப்புக் கூடாரத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

நாச்சியார் அவர் நெற்றியைக் கிட்ட வந்து பார்த்தார். குழிச் சுவரைப் பார்க்கிற அதே பார்வை.

"எந்த ஊர்த் திருநீறு?"

"ஊர்லதான். மச்சினன் வீட்டுத் தொழுவம்."

நாச்சியார் தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

"தாளுக்குப் பேர் எழுதலையே. எழுதுங்க."

"கெட்டுப்போனதுக்கு எதுக்கும்மா பேரு?"

"எல்லாத்துக்கும் பேர் வேணும். எடுத்த இடம் எழுதுங்க."

"என்னன்னு எழுத?"

"நெத்தின்னு எழுதுங்க."

எழுதினார். மற்றத் தாள்கள் இருக்கிற பெட்டியிலேயே அதையும் வரிசையில் வைக்கச் சொன்னார் நாச்சியார். வைத்தார்.

பிறகு நாச்சியார் மேகத்தைக் காட்டினார். நாளை மத்தியானம் வரை வானம் தாங்கும், நோர்பு மேலே நின்று பனியை வாரித் தள்ளினால் காலைக்குள்ளேயே பக்கத்தில் இன்னொரு குழி தோண்டலாம், அதற்குள் முடித்துவிட்டால் அந்தியில் மலை இறங்கலாம் என்றார்.

நீங்கள் தோண்டுங்கள், நான் குழியில் இறங்க மாட்டேன் என்றார் ஆவுடையப்பன்.

குழி உங்களுடையது, எனக்கு எதுக்கு என்றார் நாச்சியார்.

இவர் குல்லாயைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே நின்றார். அப்புறம் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் கோமதிக்கு நெஞ்சில் ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது படுத்தபடியே கையை நீட்டி இவருக்குத் திருநீறு பூசிவிட்டாள். நான் வருகிற வரைக்கும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். வந்துவிட்டாள். நல்லாத்தான் இருக்கிறாள். ஆனால் அன்றையிலிருந்து ஒரு காலைகூட இவர் வெறும் நெற்றியோடு இருந்ததில்லை. இருக்கத் தைரியம் வந்ததில்லை.

"படிப்பு போனா போகுது டாக்டரம்மா," என்றார்.

நாச்சியார் கழுவு என்று சொல்லவில்லை. கழுவ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக் கொடுத்தார்.

"முதல்ல மதினிகிட்ட சொல்லுங்க. தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்காங்க, பாவம்."

சொல்லிவிட்டு நோர்புவைக் கூப்பிட்டுக்கொண்டு தள்ளிப் போனார். நோர்புவுக்குப் போக மனசில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

ஆவுடையப்பன் எல்லாவற்றையும் சொன்னார். குப்பி, தாள், உடுக்கை. போன இனிப்பு போனதுதான் என்றும் சொன்னார். அந்தப் பக்கம் கோமதி சிரித்தாள். அவ்வளவு தூரம் ஏறிப்போய்ப் பனிக்கும் பட்டை போட்டுவிட்டீர்களா என்றாள். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்குக் குழியில் இறங்க வேண்டுமென்றால் நெற்றியைக் கழுவ வேண்டும், என்னால் ஆகாது என்றார்.

சத்தம் நின்றுவிட்டது. அந்தப் போனில் பேச்சு மேலே போய்க் கீழே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இது அதைவிட அதிகம். இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தார்.

"இத்தனை நாளும் அதுக்குத்தானா?" என்றாள் கோமதி. "நான் என்னமோ பக்தின்னு நினைச்சேன்."

இவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"கழுவிருங்க. நீங்க வார வரைக்கும் உங்க பங்கையும் சேர்த்து நான் இங்க பூசிக்கிடுதேன்."

காலையில் ஆவுடையப்பன் பனியை உருக்கி முகம் கழுவினார். காதுமடல் வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நோர்பு வாங்கிக்கொண்டார். அடுப்புக் கூடாரத்தில், தம் ஊர் லாமா மந்திரித்துக் கொடுத்த நூல்கயிறு தொங்குகிற இடத்தில், அதையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டார். அன்றைக்கு அவர் அண்ணாச்சியைக் கேலி செய்யவில்லை.

குழியில் இறங்குவதற்கு முன்னால் ஆவுடையப்பன் புது வெறுங்குப்பி ஒன்றைத் திறந்து ஓரத்தில் வைத்தார். யாரும் சொல்லாமலே வைத்தார். குளிர்ந்த காற்று நெற்றியில் பட்டது. தோண்டினார். வேர்த்தது. துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் குப்பியை வடித்தார்கள். தாள் வெள்ளை. பனியை வடித்தார்கள். எப்போதும் வருகிற பழுப்புத் தூசி, அடுக்குக்கு அடுக்கு கொஞ்சம் கூடியும் குறைந்தும். உடுக்கை இல்லை. தேசம் கேட்டு மலைக்கிற செய்தி ஒன்றுமில்லை. ஆனால் இருந்தது அத்தனையும் பனியில் இருந்தது. இதை வைத்து எழுதலாமா என்று கேட்டார். இதை வைத்துத்தான் எழுத முடியும் என்றார் நாச்சியார்.

மேகம் சொன்னபடி வந்தது. பெட்டிகளைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் நோர்பு, நடுவில் ஆவுடையப்பன், பின்னால் நாச்சியார். மூன்று பேருக்கும் ஒரே கயிறு.

வெகுதூரம் இறங்கின பிறகு ஆவுடையப்பன் திரும்பாமலே கேட்டார்.

"நீங்களே கழுவச் சொல்லியிருந்தா நான் மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டேன் டாக்டரம்மா. ஏன் சொல்லலை?"

"நான் சொன்னா நெத்தியை மட்டும்தான் கழுவியிருப்பீங்க."

கயிறு இன்னும் கொஞ்ச தூரம் இறங்கியது.

முதல் குழியைப் பற்றியும் ஆய்வேட்டில் எழுதத்தான் வேண்டும் என்றார் இவர். நெற்றி என்று பேர் எழுதின தாளையும் காட்ட வேண்டும். தப்பு எப்படி வந்தது என்று எழுதிவிடலாம், அதில் கஷ்டமில்லை.

"திருத்தினது யாருன்னு எழுத? உங்க பேரா, குப்பியா?"

"குப்பி காட்டத்தான் செஞ்சுது," என்றார் நாச்சியார். "நான் போன் குடுத்தேன்."

"அப்ப?"

நாச்சியார் பின்னாலிருந்து கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

"மதினி பேரை எழுதுங்க அண்ணாச்சி. கோமதின்னு."