இறக்கி வைக்க ஓர் இடம்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. செங்கோடனோடு ஒரே லாரியில் சுரங்க வேலைக்குப் போன என் அப்பா சொன்னது. அவர் சொன்னதோடு நான் எதையும் கூட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

மூடிப்போன ஈயச் சுரங்கத்தின் கழிவு மேட்டில் செங்கோடன் ஏழு வருடமாகக் கடுகு விதைத்தார். கடுகு மண்ணிலிருந்து ஈயத்தை உறிஞ்சும் என்று விதைக்கச் சொன்னவர் தவமணி. சுரங்கத்தின் பழைய எடைக் கொட்டகையில் தனியாக இருந்த பெண். செங்கோடனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் அவர்தான் குரு.

மண் சுத்தமானால்தான் பிள்ளையோடு வருவேன் என்று செங்கோடனின் மகள் சொல்லியிருந்தாள். பேரனுக்கு ஆறு வயது. மேட்டடியில் இருக்கும் தாத்தா வீட்டில் அவன் ஒரு நாளும் தூங்கியதில்லை.

ஏழாவது அறுவடையில் செங்கோடன் அரிவாளைக் கீழே போட்டார்.

"முடியலைம்மா. போன மாசமும் ஆபீசருங்க மண்ணை எடுத்துப் பார்த்தாங்க. அப்படியேதான் இருக்குதாம்."

அறுத்த செடிகளைத் தவமணி கட்டி அவர் தலையில் ஏற்றினார்.

"இறக்கி வச்சிட்டு வாங்கண்ணே."

"எங்க?"

"யாருக்கும் கெடுதல் இல்லாத இடத்துல."

செங்கோடன் நடந்தார்.

தரிசில் ஆடு மேய்த்த வேலாத்தா, என் ஆடு உமக்கு என்ன பாவம் செய்தது என்று கேட்டாள். செங்கல் சூளையில், எரித்தால் புகை எங்கள் வீட்டுக்குத்தான் வரும் என்றார்கள்.

ஓடைக்கரையில் யாரும் இல்லை. கட்டைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த ஓடை மகள் ஊர் வழியாகத்தான் போகிறது என்பது நினைவுக்கு வந்தது.

வெயில் சாயும்போது கட்டோடு திரும்பினார். கழுத்து விறைத்திருந்தது.

"இறக்க இடமில்லைம்மா."

"போன வருசம் எங்க இறக்குனீங்க?"

செங்கோடன் சொல்ல வாயெடுத்தார். ஒரு தழையைக்கூட வீணாக்கத் தெரியாத விவசாயி அவர். மேட்டோரத்தில் அவர் வெட்டிய எருக்குழி எதிரே இருந்தது. ஆறு அறுவடையும் அதில் மக்கி, உரமாக மேட்டுக்கே திரும்பியிருந்தது.

தவமணியும் குழியைப் பார்த்தார்.

பிறகு கட்டைப் பிரித்துப் பாதியைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டார்.

"நானும் கேக்கலைண்ணே."

அந்தக் குழி மண்ணைப் பிற்பாடு எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இரண்டு முறை சோதித்தேன். மேட்டு மண்ணைவிட அதில் ஈயம் மூன்று மடங்கு இருந்தது.