கண்படாத லாயம்

நெடுங்கரை அரண்மனைக் குதிரை லாயத்துக்கு உமையொருபாகம் பிள்ளை என்று ஓர் அதிகாரி. அவர் பேரே பாதி லாயத்தை அடைத்துக்கொள்ளும். ராஜாவின் குதிரைகள்மேல் ஊர்க்கண் பட்டுவிடுமாம், ஜன்னல்களையெல்லாம் மண்ணால் பூசிவிட்டார். உள்ளே பூசணம் பிடித்த வைக்கோல். உதறினால் புகை மாதிரி தூசி கிளம்பும். புதிதாக வந்த குதிரைகள் இருமி இருமி இளைத்தன.

புல் அறுத்துப் போடும் சடைச்சி, “ஒரு ஜன்னலையாவது திறந்து விடுங்க சாமி” என்றாள்.

“புதுசா வந்தது இருமத்தான் செய்யும். கட்டிப்போட்டா பழகிடும். நாளைக்கு ராஜா வர்றார். ஒரு குதிரை இருமினாலும் உன் தோலை உரிச்சிடுவேன்!”

“இருமாது சாமி. நீங்க உள்ளே நின்னு ராஜாவை வரவேத்துப் பேசுங்க. நீங்க பேசுறப்ப எந்தக் குதிரை வாயைத் திறக்கும்?”

பிள்ளைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விடிந்ததும் சடைச்சி குதிரைகளைக் குளத்துக்கு ஓட்டிவிட்டாள். ராஜா வாசலுக்கு வர, பிள்ளை அவசரமாக உள்ளே போய் நின்றார். லாயத்துக்குள் அவர் கால் வைத்ததே அன்றுதான். இருட்டில் குதிரை இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. சடைச்சி வைக்கோலை நன்றாக உதறிப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

“மகாராஜா, நம்ம லாயத்துக் காத்து...” அவ்வளவுதான். அப்புறம் இருமல், இருமல், இருமல்.

“எது இப்படி இருமுது?” என்றார் ராஜா.

“குதிரையெல்லாம் குளத்துல நிக்குது மகாராஜா. இது இன்னைக்குத்தான் புதுசா உள்ளே வந்தது. கட்டிப்போட்டா பழகிடும்னு அதிகாரி உத்தரவு” என்றாள் சடைச்சி.

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. “உத்தரவுப்படியே கட்டுங்க” என்றார்.

பொழுது சாய்வதற்குள் ஜன்னல் மண்ணெல்லாம் பெயர்ந்து வெளியே விழுந்தது. உள்ளே கட்டிப்போட்ட பிள்ளை விட்ட உதை அப்படி!