கெட்டிப்பட்ட துகள்

கம்பம் பக்கத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். அங்கே குருவுக்குத்தான் வயது குறைவு. பெயர் ரஹ்மத் நிஷா. சீடர் இருளப்பன், தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தவர். வந்ததற்குக் காரணம் இருந்தது.

அவர் ஊரில் இரண்டு கிணறுகள். இரண்டும் திராட்சைத் தோட்டங்களை ஒட்டியவை. எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று தங்கை போனில் கேட்டபடியே இருந்தாள். அவளுக்குக் கைக்குழந்தை.

இருளப்பன் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைச் செய்தார். புற ஊதா விளக்கின் கீழ் அவை நீலமாக ஒளிரும். பூச்சிமருந்து பட்டால் ஒளி மங்கும்.

ஒருநாள் அவர் சோதனைக் குழாய்களோடு ஓடிவந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மேடம், ரெண்டு கிணத்துத் தண்ணியிலயும் ஜோரா எரியுது! தங்கச்சிக்கு போன் போட்டுடவா?"

நிஷா அலமாரியிலிருந்து பூச்சிமருந்தை எடுத்து, ஒரு குழாயில் ஒரு சொட்டு விட்டார்.

நீலம் அப்படியே இருந்தது.

இருளப்பன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"துகளை என்ன பண்ணீங்க?"

"பழசு தொட்டாச்சிணுங்கி மாதிரி இருந்துச்சு மேடம். எது பட்டாலும் சோர்ந்துடுது. பாக்கவே மனசு கேக்கல. அதான் மேல கனமா ஒரு பூச்சு குடுத்தேன். இப்ப எதுக்கும் அசையாது."

"ஆமா, அசையல. பழசு இருக்கா?"

"கொட்டலாம்னு வெச்சிருக்கேன்."

"கொண்டாங்க."

பழைய துகளில் மேற்குக் கிணற்று நீரை ஊற்றினார்கள். நீலம் மெல்ல மங்கி, இல்லாமலே போனது. கிழக்குக் கிணற்று நீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்பப் பார்த்தும், சுத்தமான நீரில் ஒளிர்வது போலவே ஒளிர்ந்தது.

இருளப்பன் தங்கையை அழைத்தார். "கிழக்குக் கிணத்துல எடும்மா. மேக்குப் பக்கம் போயிடாத." அதையே இரண்டு முறை சொன்னார். அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் மங்கிய குழாயைப் பார்த்து அவருக்கு மனம் ஆறவில்லை.

"இவ்வளவு பலவீனமான ஒண்ண நம்பி எப்படி மேடம் ஊருக்குப் போறது?"

நிஷா விளக்கை அணைத்தார்.

"ராத்திரி குழந்தை அழுதா உங்க தங்கச்சி முழிச்சுக்குவாளா?"

"அழவே வேணாம் மேடம். புரண்டு படுத்தாலே எந்திரிச்சு உக்காந்துடுவா."

"அவளுக்கும் கனமா ஒரு பூச்சு குடுத்துடலாமா?"