இறுக்கும் அரைஞாண் கயிறு

உப்பளத்தை ஒட்டி ஒரு மடம். அங்கிருந்த சாமிக்கு வயசு குறைச்சல். அவருடைய சீடர் வேதகிரிக்குத்தான் தலையெல்லாம் நரை.

உப்பளத்துப் பிள்ளைகள் சூம்பிக் கிடப்பதைப் பார்த்து, மாசாமாசம் தாய்மார் கையில் பணம் கொடுக்கச் சொல்லியிருந்தார் சாமி. ஒரு வருஷம் ஓடிப்போனது.

"பிள்ளைங்க தேறியிருக்கா, பார்த்துட்டு வாரும். தேறலைன்னா பணத்தை நிறுத்திட்டு வேற வழி தேடுவோம்."

பிள்ளைகளின் கைச்சுற்றை அளக்கும் நாடாவோடு போனார் வேதகிரி. வெயில் சாயும் நேரம் முகம் தொங்கத் திரும்பினார்.

"அத்தனையும் வீண், சாமி."

"அளந்தீரா?"

"எங்க விட்டாளுக? அளந்தா கண்பட்டுடுமாம். நாடாவைக் கண்டதும் பிள்ளையை முந்தானைக்குள்ள மூடிக்கிட்டாளுக. வாயால கேட்டேன். எல்லாரும் ஒரே பேச்சு, 'மெலிஞ்சு போச்சு'ன்னு."

"எல்லாருமா?"

"ஒருத்தி பாக்கியில்லை. நிறுத்திடலாம், சாமி."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. "வாரும், போய்ப் பார்ப்போம்."

முதல் வீட்டில் செங்கமலம், உப்பு வாரிவிட்டு வந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். இடுப்பில் மகன். முந்தானை அவனை முழுசாக மூடியிருந்தது.

"பையன் எப்படி இருக்கான்மா?" என்று கேட்டார் வேதகிரி.

"எங்கய்யா! ஓணான் கணக்கா மெலிஞ்சு கெடக்கான்."

"கேட்டீங்களா, சாமி?"

சாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "அரைஞாண் கயிறு எப்பத் தாயி மாத்தின?" என்றார் அவளிடம்.

அவ்வளவுதான். அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவள் நிமிர்ந்துவிட்டாள்.

"அதை ஏன் கேக்கீங்க, சாமி! போன வருஷமெல்லாம் முடிச்சு மேல முடிச்சாப் போட்டுச் சுருக்குவேன். அப்பவும் வழுக்கிக்கிட்டுக் காலடியில விழும். இப்ப என்னன்னா, கட்டின கயிறு மறு மாசமே இறுக்குது. இந்தப் பயலுக்குக் கயிறு வாங்கியே மாளல. பாருங்க, எப்படிப் பதிஞ்சிருக்கு!"

முந்தானை விலகியது.

கறுப்புக் கயிறு இடுப்புச் சதையில் புதைந்து கிடந்தது. அதைச் சுற்றிலும் சிவப்பாக ஒரு தடம். கீழே தொடையில் மடிப்பு மடிப்பாகச் சதை.

வேதகிரி குனிந்து பார்த்தார். போன வருஷம் இதே பிள்ளையைத் தூக்கியபோது கையில் எலும்புதான் தட்டியது. அதே பிள்ளையா இது? கையிலிருந்த நாடா நழுவி மண்ணில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அடேயப்பா! எப்படிக் கொழு..."

சாமி சட்டென்று அவர் வாயைப் பொத்தினார்.

செங்கமலத்தின் முகம் வெளிறிவிட்டது. பதறிப்போய் முந்தானையை இழுத்தாள்.

சாமி பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். 'ச்சு' கொட்டினார்.

"ஆமா தாயி, ரொம்பத்தான் மெலிஞ்சு போயிட்டான். அடுத்த மாசமும் பணம் வரும்."