மண்ணெண்ணெயில் ஊறிய செயின்

வேதாரண்யத்து உப்பளங்களின் ஓரத்தில் குணவதி அம்மாள் ஒரு சிறிய ஆசிரமம் நடத்திவந்தார். அங்கே இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கோதண்டபாணியிடம் ஒப்படைத்ததுதான் தாம் செய்ததிலேயே பெரிய தவறு என்று அம்மாள் அடிக்கடி நினைத்துக்கொள்வார்.

கோதண்டபாணி அம்மாளைவிட வயதில் மிகவும் மூத்தவர். ரயில்வேயில் நாக்பூர்ப் பக்கம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றபின் சீடராக வந்து சேர்ந்தவர். எந்த வேலையைக் கொடுத்தாலும் குறை வைக்க மாட்டார். குறை வைக்காததுதான் தொல்லை.

உப்புக் காற்றில் செயின் சீக்கிரம் துருப்பிடிக்கும். அவ்வப்போது துணியால் துடைத்து, கண்ணிக்குக் கண்ணி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதை வழித்துவிட்டால் போதும். கோதண்டபாணிக்கு அது போதாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். செயின் கவரைக் கழற்றுவார். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் லாக்கை நெம்பி எடுத்து, செயினை உருவி, மண்ணெண்ணெயில் ஊறப்போடுவார். பிறகு பழைய பல் பிரஷ்ஷும் ஊசியுமாக உட்கார்ந்துவிடுவார்.

“சந்தைக்குப் போகணும். சைக்கிள் எங்கே?”

“இன்னும் அழுக்கு விடுதும்மா.”

அம்மாள் பூசணிக்காயைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தே வருவார். ஒருமுறை உப்பளத்தில் ஒரு பெண்ணின் காலைச் சிப்பி கிழித்துவிட்டது. மருந்து வாங்கிவரச் சைக்கிள் கேட்டு ஓடிவந்தவர்களுக்குச் சைக்கிளின் எலும்புக்கூடுதான் கிடைத்தது. அன்றும் கோதண்டபாணி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இதைக்கூட அம்மாள் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது, காலைத் தியானம் முடிந்ததும் கோதண்டபாணி கேட்கும் கேள்வி.

“அம்மா, தம்பியை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. இது எப்போ போகும்?”

தம்பி சாரங்கபாணி, சைக்கிளில் போய்வரும் தூரத்தில், ஆயக்காரன்புலத்தில் இருந்தார். தாயார் இறந்தபோது, நாக்பூரிலிருந்து அண்ணன் வந்து சேரும் முன்பே அவர் கொள்ளி வைத்துவிட்டார். கோதண்டபாணி வந்து இறங்கியபோது சுடுகாட்டில் சாம்பல்தான் இருந்தது. ஊரே பார்க்கத் தம்பியைக் கண்டபடி ஏசிவிட்டுக் கிளம்பியவர், அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

“இந்த எரிச்சல் முழுசா போகட்டும்மா. சுத்தமான மனசோட நானே அவன் வீட்டுக்குப் போவேன்.”

தொடக்கத்தில் அம்மாள் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு “ம்” என்று மட்டும் சொன்னார். அதற்கும் பிறகு, கோதண்டபாணி தொண்டையைச் செருமினாலே அம்மாளுக்குத் தலை வலிக்கத் தொடங்கியது.

ஒரு நாள் மத்தியானம் ஆசிரமத்துக்குப் போன் வந்தது. பேசியது சாரங்கபாணியின் மகள் பத்மாசினி.

“பெரியப்பாகிட்ட சொல்லணும்மா. அப்பாவுக்குத் தொண்டையில கட்டி. நாளைக்குக் காலைல தஞ்சாவூருக்கு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போறோம். அதுக்கப்புறம் பேச்சு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பெரியப்பாவை ஒரு தடவை பார்க்கணும்னு அப்பா கேட்கிறார்.”

ஆயக்காரன்புலத்துக்கு மத்தியான பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ் பொழுது சாய்ந்துதான். அதுவும் வந்தால் உண்டு.

அம்மாள் கொல்லைப்புறம் போனார். சைக்கிள் நான்கு கால் பரப்பிய ஆடு மாதிரி கவிழ்ந்து கிடந்தது. செயின் மண்ணெண்ணெய்த் தட்டில்.

அம்மாள் விஷயத்தைச் சொன்னார். கோதண்டபாணியின் கையில் இருந்த பிரஷ் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகத் தேய்க்கத் தொடங்கியது.

“போறேம்மா. இது முடியட்டும்.”

“எப்போ முடியும்?”

“ஊசி விட்டா இன்னும் கறுப்பு வருது.”

“நீங்க சாகிற வரைக்கும் குத்தினாலும் வரும்.”

“அரைகுறையா மாட்டக் கூடாதும்மா.”

“கோதண்டபாணி, அவருக்கு நாளையிலேர்ந்து பேச்சு கிடையாது. காதுல விழுந்ததா?”

“விழுந்தது.” அவர் தலை நிமிரவில்லை. “அதான் பயமா இருக்கு. இந்த மனசோட போனா வாசல்லயே கத்திடுவேன். ஆபரேஷனுக்குப் போறவன்கிட்ட கத்தலாமா? கொஞ்சம் தியானத்துல உட்கார்ந்து, மனசைக் கழுவிக்கிட்டு…”

“எழுந்திருங்க!”

அம்மாள் அப்படிக் கத்தி அந்த ஆசிரமம் கேட்டதில்லை. சமையல்கட்டிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே மறைந்தன.

கோதண்டபாணி எழுந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருந்த பலகையில் அம்மாள் உட்கார்ந்தார். தட்டுக்குள் வெறுங்கையை விட்டுச் செயினைத் தூக்கினார். கோதண்டபாணியின் தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இழுத்து, அதில் வைத்து உருவினார்.

“அம்மா, அது என் துண்டு.”

“தெரியும்.”

பின் சக்கரத்துப் பல்லில் ஒரு முனையைப் போட்டு, முன்னால் இழுத்துச் சுற்றி, இரண்டு முனைகளையும் சேர்த்து லாக்கை அழுத்தினார். அது வழுக்கியது. மறுபடி அழுத்தினார். ஸ்க்ரூ டிரைவர் நழுவி விரலைக் கீறியது.

“சனியனே!” என்றார் அம்மாள்.

அது சைக்கிளுக்குச் சொன்னதா, தனக்குச் சொன்னதா என்று கோதண்டபாணிக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணியவில்லை.

மூன்றாவது முறை லாக் சொடக்கென்று விழுந்தது. தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே பெடலைச் சுற்றினார். துண்டின் மறுமுனையால் வழித்தார். சைக்கிளைப் புரட்டி நிறுத்தினார்.

“கவர் மாட்டலையேம்மா.”

“வேட்டியை மடிச்சுக் கட்டுங்க.”

“இன்னும் கறுப்பாத்தான் இருக்கு.”

“ஓடுதா?”

அவர் குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தார். சக்கரம் சுற்றியது.

“ஓடுது.”

“ஏறுங்க.”

அவர் ஏறினார். உப்பளத்து வரப்பில் சைக்கிள் ஆடி ஆடிப் போய், புளியமரங்களுக்குப் பின்னால் மறைந்தது. அம்மாள் கிணற்றடியில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கறுப்பு போகவில்லை. கோபமும் போகவில்லை. அன்று சாப்பாட்டில் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது.

சில நாள் கழித்துக் கோதண்டபாணி திரும்பி வந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் தம்பியுடன் தங்கிவிட்டு வந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன. சவரம் செய்யவில்லை. வேட்டி ஓரம் முழுக்க எண்ணெய்க் கறை. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

“எப்படி இருக்கார்?”

“ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. பேச்சுதான்… அவங்க சொன்ன மாதிரியே.”

“அன்னைக்கு என்ன ஆச்சு?”

“பயந்த மாதிரியே ஆச்சும்மா. வாசல்ல கால் வைக்கும்போதே கத்திட்டேன்.”

“அவர்?”

“அவனும் கத்தினான். அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு. ‘அடைமழை. ஐஸ் பெட்டி கிடைக்கல. ரெண்டு நாள் அம்மாவை வீட்டுல வச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன். உனக்கு ரயில் கிடைக்கலைன்னா நான் என்னடா பண்ணுவேன்’னு கேட்டான். அவன் என்னை ‘டா’ போட்டதே இல்லம்மா. இருந்த குரலையெல்லாம் என்னைத் திட்டியே தீர்த்துட்டான்.”

கோதண்டபாணி சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் ‘அண்ணா, சாப்பிடு’ன்னான். சாப்பிட்டேன்.”

அம்மாள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் கொஞ்சம் எரியத்தாம்மா செய்யுது. ஆனா நான் கேட்க வந்தது அது இல்ல. தப்பா நினைக்கக் கூடாது.”

“கேளுங்க.”

“இத்தனை வருஷம் தியானம் பண்றவங்க நீங்க. அன்னைக்கு உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்ததே.”

“வந்தது. இப்பவும் இருக்கு.”

கோதண்டபாணி திகைத்துப் போனார்.

“அவ்வளவு கோபத்தை வச்சுக்கிட்டு எப்படிம்மா செயினை மாட்டினீங்க?”

“கை சும்மாதானே இருந்தது?” என்றார் அம்மாள்.